சென்டர் ஹாஃப் இடத்துக்கு முதல் பெயர்

எங்கள் ஆலை கேன்டீனில் ஞாயிற்றுக்கிழமைப் பொங்கல் மட்டும் நன்றாக இருக்கும். பட்டியல் ஒட்டிய மறுநாள் ஞாயிறு. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பொறாமையில் வெந்துகொண்டிருப்பவளுக்குச் சோறு இறங்குமா? அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

பெயர் அம்சவள்ளி. வயது முப்பத்து மூன்று. ஆலையின் பெண்கள் ஹாக்கி அணிக்குக் கேப்டன். வேலை, சம்பளம் எல்லாமே ஆட்டம்தான். ஆடும் இடம் சென்டர் ஹாஃப். மைதானத்தின் நடுவில் நின்று, பந்து அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவள்.

எங்கள் லீக்கில் எட்டு அணிகள். வருடத்தின் ஆட்டங்களில் பாதி முடிந்ததும் எட்டு கேப்டன்களும் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பட்டியல் போடுவோம். கோல்கீப்பரில் யார் முதல், யார் இரண்டாவது. தடுப்பில் யார், முன்வரிசையில் யார், இப்படி. ஒரு இடத்தைப் பற்றிப் பேசும்போது அந்த இடத்தில் ஆடுகிற கேப்டன் வெளியே போய் நிற்க வேண்டும். அது வழக்கம். ஒன்பது வருடம் நான் டீ கிளாஸோடு வெளியே போவேன். டீ ஆறுவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். என் பெயர்தான் எழுதியிருக்கும்.

இந்த வருடம் டீ ஆறியது. குடித்தும் முடித்தேன். சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"அம்சாக்காவுக்கு இப்ப காலு வரலடி. அவங்க திரும்பறதுக்குள்ள பந்து ஜெயங்கொண்டம் போய்ச் சேந்துருது." தா.பழூர் அணிக் கேப்டன் காத்தாயியின் குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏய், மெல்லப் பேசு. ஜன்னல் தொறந்து கெடக்கு."

"கேட்டாக் கேக்கட்டும். அவங்க டீம்லயே இருக்கே, அந்த லெப்பைக்குடிகாட்டுப் புள்ள ஃபஹ்மிதா. அது ஆடறத அக்கா பாக்காமயா இருக்காங்க? ஒம்போது வருசம் வச்சிருந்தது போதும்."

"அப்ப அக்காவுக்கு?"

"ரெண்டாவது போடு. மரியாதைக்கு."

உள்ளே கூப்பிட்டார்கள். முதலிடம் எந்த அணிக்குப் போகிறதோ, அந்த அணியின் கேப்டன்தான் பெயரை எழுத வேண்டும். அதுவும் வழக்கம். ஃபஹ்மிதா என்று என் கையால் எழுதினேன். "எழுத்து முத்து முத்தா இருக்குக்கா" என்றாள் பூங்காவனம், ஒரு எதிரணிக் கேப்டன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன்.

ஃபஹ்மிதாவுக்குப் பத்தொன்பது வயது. இந்த வருட ஆட்டங்களின் தொடக்கத்தில் நான் கணுக்கால் சுளுக்கிப் படுத்திருந்த ஆறு வாரத்துக்கு மட்டும் என் இடத்தில் ஆட வந்தவள். நான் எழுந்து வந்தபோது என்னை இடப்பக்கம் ஓரமாக ஆடச் சொன்னார் கோச் செல்லமுத்து. கோபப்பட்டேனா? இல்லை. இடப்பக்கமும் மைதானம்தானே.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் பந்து அவள் காதுக்கு மேலே அடித்தது. விழுந்தாள், எழுந்தாள், சிரித்தாள். அரை மணி கழித்து வாந்தி எடுத்தாள். பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். வேறு யாருக்கும் அந்த அக்கறை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஸ்கேன் அறையில் இருந்தபோது டாக்டர் வெளியே வந்தார்.

"ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல. ஆனா மூளை நல்லாக் குலுங்கியிருக்கு. மூணு வாரம் மைதானம் பக்கமே போகக்கூடாது. இதுக்கு மேல இன்னொரு அடி பட்டா உசிருக்கே ஆபத்து. வூட்ல சொல்லிருங்க."

"நான் சொல்லிக்கறேன் சார்" என்று சீட்டை வாங்கிப் பையில் வைத்தேன்.

ஆட்டோவில் கேட்டாள். "என்னக்கா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லடி. வெயில் மயக்கமாம்."

"அல்ஹம்துலில்லாஹ். வாப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா. துபாய்லேருந்து டிக்கெட் போட்டு வந்து ஸ்டிக்கப் புடுங்கிருவாரு."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். நான் சீட்டைக் காட்டினால் அவள் பெயரை எடுப்பார்கள். இரண்டாவது பெயர் மேலே ஏறும். அந்த இரண்டாவது பெயர் என்னுடையது. அம்சா இல்லாத நோயைக் கட்டிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று காத்தாயி எட்டு ஊருக்கும் சொல்வாள். அந்தக் கேவலம் எனக்கு வேண்டாம். நேர்மையாக இருக்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். செல்லமுத்து நீட்டிய அவளுடைய உடல்தகுதித் தாளில் அதனால்தான் கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் பெரம்பலூர் மைதானத்தில் காட்சி ஆட்டம். முதலிடக்காரர்கள் ஒரு பக்கம், இரண்டாம் இடக்காரர்கள் எதிர்ப்பக்கம். சென்னையிலிருந்து தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். அவளுக்கு நேர் எதிரே நான். வெயிலைப் பார்த்தாலே அவளுக்குக் கண் சுருங்கியது. தண்ணீர் குடிக்கும்போது பாட்டில் ஒரு தடவை வாய்க்குப் போகாமல் கன்னத்தில் இடித்தது. அதற்கு அர்த்தம் அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படி இருந்தும் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனாள். இரண்டாவது தடவை தேர்வாளர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். ஒன்பது வருடத்தில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. அது தகவலுக்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது தடவை பந்தை வலப்பக்கம் அடித்து அனுப்பிவிட்டாள். பந்து போனால் எல்லார் கண்ணும் அதோடு போகும். அம்பயரின் கண்ணும். நான் ஓடி வந்துகொண்டிருந்தேன். வேகத்தில் நிற்க முடியவில்லை என்று லீக்குக்குக் கொடுத்த கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. தோளை உயர்த்தினேன். காதுக்கு மேலே, செவ்வாய்க்கிழமை வீங்கிய அதே இடத்தில் கொடுத்தேன். குறி தவறவில்லை. காலு வரல என்று சொன்னவர்கள் அதையும் கணக்கில் எடுத்திருக்கலாம்.

திருச்சியில் பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். வலது கை எழவில்லை. அம்மாவைத் தவிர யாரையும் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெரம்பலூர் டாக்டர் சீட்டைப் பற்றி உங்களிடம் வந்து சொல்லும்வரை, வாரத்தில் இரண்டு நாள் நான் லெப்பைக்குடிகாடு போய்க்கொண்டிருந்தேன். கஞ்சி ஊட்டுவேன், தலை வாரிவிடுவேன். அவள் அம்மா பாத்திமா பீவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். "கூடப் பொறந்தவ மாதிரி வர்றியேம்மா. ஒன்னய அல்லா நல்லா வைக்கணும். நீ ஊட்டுனாத்தான் ரெண்டு வாயி எறங்குது." பொறாமைக்காரியிடம் இப்படி யாராவது பேசுவார்களா?

போன வெள்ளிக்கிழமை ஃபஹ்மிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"நீங்க... யாரு?"

"ஹாக்கி ஆடறவ."

"எந்த... எடம்?"

"சென்டர் ஹாஃப்."

"நல்லா ஆடுவீங்களா?"

"எட்டு டீம்லயும் நான்தான் மொதல்."

யோசித்தாள். பிறகு மெல்லத் தலையசைத்து, "ஆமா" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை, மேடம். அவளாகத்தான் சொன்னாள். அவள் அம்மாவும் பக்கத்தில் இருந்தார், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.