மயிரிழைச் சுருதி

இசையமைப்பாளர்களில் பாதிப் பேருக்கு இசையை எழுதத் தெரியாது, பாஷா. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. நன்றாகச் சமைக்கிறவர்களெல்லாம் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டா இருக்கிறார்கள்? என் தங்கை நிஹாலுக்கும் எழுதத் தெரியாது. அவள் வாசிப்பாள், நான் எழுதுவேன். ஷுப்ரா வட்டாரத்தில் ஒன்பதாம் மாடி வீட்டின் முன்னறையில் பல வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

எழுதுவது என்றால் பேனா பிடித்து இல்லை. அவள் முன்னால் ஒரு மிடி கீபோர்டு இருக்கும். அதன் வயர் என் கணினிக்குள் போகும். அவள் கட்டையை அழுத்த அழுத்தத் திரையில் ஸ்வரங்கள் வந்து கோட்டில் உட்காரும். ஒழுங்காக உட்காராது. விரல் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அந்த மென்பொருள் அதையும் ஒரு சங்கதி என்று நினைத்து எழுதித் தொலைக்கும். அதையெல்லாம் சீர்செய்து, வயலின்காரர்களுக்குத் தனித்தாள், செல்லோவுக்குத் தனித்தாள் என்று அச்செடுப்பது என் வேலை. நான் கன்சர்வேட்டரி என்கிற இசைக் கல்லூரியில் படித்தவள். எதை வாசித்தாலும் எழுதிவிடுவேன். எனக்கென்று ஒரு மெட்டு தோன்றியதே இல்லை. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

சீகா என்று ஒரு ஸ்வரம் உண்டு. எங்கள் பாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆனால் கீபோர்டில் அதற்குக் கட்டை கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ அது இருக்கிறது. அதனால் ஒரு கட்டையை இவ்வளவு தாழ்த்தி ஒலிக்க வேண்டும் என்று கணினிக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவைக்க வேண்டும். எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். டமாஸ்கஸ்காரர்கள் கொஞ்சம் மேலே வைப்பார்கள், நாங்கள் கொஞ்சம் கீழே. கல்யாண வீட்டில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். நிஹால் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் ஒரு மயிரிழை கீழ, அக்கா. போதும், அங்கயே நிறுத்து” என்று சொன்னதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. அச்சிடும் தாளில் அந்த எண் வராது. ஒரு சின்னக் குறி மட்டும் இருக்கும், மிச்சத்தை வாசிப்பவர்களின் விரல் பார்த்துக்கொள்ளும். எண்ணைப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். நிஹால் என் கணினியைத் தொட்டதே இல்லை.

ஹாஸிம் நிஹாலுக்கு நிச்சய மோதிரம் போட்டது ரஜப் மாதத்தில், ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பு. ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்ப்பவன், நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நோன்புப் பெருநாள் முடிந்ததும் அவனுக்கு வெளிநாட்டில், அம்மான் நகரத்தில் வேலை, அவளையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு.

“அங்க அவனே எழுதிக்குவானாம் அக்கா” என்றாள் நிஹால், மொலொகியாக் கீரையை நறுக்கிக்கொண்டே. “புது சாஃப்ட்வேராம். எல்லாத்தையும் அதுவே சீர் பண்ணிடுதாம். நீ இனிமே கண்ணைக் கெடுத்துக்காதே. காலை நீட்டிட்டு நிம்மதியா உக்காரு.”

அன்போடுதான் சொன்னாள். அவள் போன பிறகு அந்தக் கணினி முன்னால் நான் யாருக்காக உட்காருவேன்? திரையில் வெறும் ஐந்து கோடுகள் மட்டும் இருக்கும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உங்களுக்கு அப்படி ஒரு பயம் வந்திருக்காது, பாஷா. வர வேண்டாம்.

எங்கள் அம்மா வானொலிக் குழுவில் பாடியவள். அவளுக்குக் காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் சுருதி கோணலாகக் கேட்டது, அப்புறம் மங்கியது, அப்புறம் ஒன்றுமே இல்லை. கடைசிக் காலத்தில் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டித் தட்டிக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நிஹால் அதைப் பார்த்து வளர்ந்த குழந்தை. சாவுக்குக்கூட அவள் பயந்ததில்லை, இதற்குத்தான் பயந்தாள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு ரமலான் தொலைக்காட்சித் தொடருக்கு அவள் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ரமலானுக்கு முந்தின ஷஅபான் மாதம் முடிவதற்குள் ஒலிப்பதிவு முடிய வேண்டும். அந்தச் சமயத்தில்தான் கணினியில் சீகாவின் எண்ணை மாற்றினேன். மிகக் கொஞ்சம். அவள் காது மந்தமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

“அக்கா, சீகா ஏறியிருக்கே?”

“இல்லையே. எப்பவும் போலத்தான் இருக்கு.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன்டீ. மோதிரம் போட்டதுலேர்ந்து உன் காது அம்மான்லதான் குடியிருக்கு.”

சிரித்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், அடுத்த நாள் இறக்கினேன். சில நாள் சரியாகவே விட்டுவிடுவேன். அன்றைக்கு அவள் துள்ளிக்கொண்டு கீழே போய் இரண்டு பேருக்கும் கோஷரி வாங்கி வருவாள். சாப்பிடும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

ஒரு நாள் அம்மாவின் ஊத் வாத்தியத்தை எடுத்தாள். அதில் கட்டை ஏது, விரல் வைத்த இடம்தான் ஸ்வரம். அவள் விரல் மிகச் சரியான இடத்தில் விழுந்தது.

“இது சரியா இருக்கா, அக்கா?”

கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தேன். பிறகு, “கீழ போகுதுடீ” என்றேன். அவள் விரலை நகர்த்தினாள். தன் விரலை விட்டு என் வாயை நம்பினாள்.

தெருவில் பாங்கு சொல்பவரின் குரல்தான் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. அவர் சுருதி தவறாதவர். ஒருமுறை நிஹால் ஜன்னலுக்கு ஓடினாள்.

“அவர் சொல்றது சரியாக் கேக்குது அக்கா! எனக்கு ஒண்ணும் இல்ல!”

“அம்மாவுக்கும் பாங்கு மட்டும் கடைசி வரைக்கும் சரியாத்தான் கேட்டுச்சு” என்றேன். அது பொய். அவள் ஜன்னலை மெதுவாகச் சாத்தினாள்.

தொக்கியில் இருக்கும் காது மருத்துவரிடமும் போனோம். இயந்திரத்தில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வைத்துப் பார்த்துவிட்டு, காது பிரமாதமாக இருக்கிறது என்றார். வெளியே வந்து டாக்சிக்கு நிற்கும்போது அவளே சொன்னாள், “அந்த மெஷினுக்கு சீகா தெரியுமா, அக்கா?” நான் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

ஒலிப்பதிவு அன்று காலையில் மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள். “ஹாஸிம்கிட்ட குடுத்துடு. செவிட்டுப் பொண்டாட்டியை வெச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? நான் வரல. அத்தனை பேரு முன்னாடி எனக்குத் தப்பாக் கேட்டா அங்கயே செத்துடுவேன்.”

அவள் வராதது எனக்கும் நல்லதுதான். தாள்களில் எந்தத் தப்பும் இல்லையே. தப்பெல்லாம் எங்கள் வீட்டு ஸ்பீக்கரில் மட்டும்தான் இருந்தது.

வயலின் குழுவின் தலைவர் ஜிர்ஜிஸ் மாமா, யாரையும் லேசில் பாராட்டாதவர். ஒரு பாட்டு முடிந்ததும் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பொண்ணோட காதை எனக்கு ஒரு நாளைக்குக் கடனாக் குடுங்கடா. அப்புறம் வயலினை வித்துட்டு நிம்மதியாப் போய்ச் சேர்றேன்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் ஹாஸிமைத் தனியே கூப்பிட்டு மோதிரத்தைக் கொடுத்தேன். காரணம் கேட்டான். அவளுக்குக் காது போகிறது என்று சொன்னேன். அவன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வரும்போது என் மனம் லேசாக இருந்தது. இனி அவள் எங்கும் போகப் போவதில்லை. எண்ணைச் சரியாக்கிவிடலாம், ஒரேயடியாக இல்லை, சிறுகச் சிறுக. காது திரும்பி வருகிறது என்று அவளே கண்டுபிடித்து சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்ததும் கேட்டாள், “எப்படி வந்துச்சு?”

ஜிர்ஜிஸ் மாமா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் பழகிப்போயிருந்தது.

“நல்லா வந்துச்சுடீ. தப்பா இருந்த இடத்தையெல்லாம் ஜிர்ஜிஸ் மாமா சரி பண்ணி வாசிச்சுட்டார். பாவம், யாரும் முகத்துல காட்டிக்கல.”

“ஓ” என்றாள். என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். “நீ களைச்சுப் போயிருக்கே. உக்காரு, துணியை எடுத்துட்டு வந்து டீ போடறேன்” என்று பால்கனிக்குப் போனாள்.

நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அவளுடைய காதை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன், பாஷா. எண்ணைப் பாதிதான் சரியாக்கியிருந்தேன். கீழே தெருவில் யாரோ ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டது.

போலீஸில் நீங்கள் தற்கொலை என்று எழுதி முடித்துவிட்டீர்கள். கதவு உட்பக்கம் பூட்டியிருந்தது, யாரும் தள்ளவில்லை, எல்லாம் சரி. நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் துக்கப் பந்தலில் ஹாஸிம் வந்தவர்களிடமெல்லாம் அவளுக்குக் காது கெட்டுவிட்டது என்று சொல்லி அழுதான். ஜிர்ஜிஸ் மாமா என்னிடம் வந்து, “அப்படியாம்மா? கடைசியில செவிடாவா இருந்தா?” என்று கேட்டார். நேற்று தொலைக்காட்சியில், காது கேட்காமலே இசையமைத்த பெண் என்று அவள் படத்தைப் போட்டார்கள். ஊரே உச்சுக் கொட்டுகிறது. என்னால் தாங்க முடியவில்லை. அவளைப் பற்றி இப்படி ஒரு அபாண்டம் சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

அதனால்தான் வந்தேன். நான் செய்ததையெல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதல் வரியில் இதைப் போடுங்கள்: நிஹாலின் காதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, பாஷா. நானும் அவள் பக்கம் நிற்காவிட்டால் வேறு யார் நிற்பார்கள்?