ஆலிவர் என்ற பெயரில் சிரித்தவர்

என் பெயர் ஷாஹிநாஸ். தகப்பனார் பெயர் அப்துல் மூயிஸ், காலஞ்சென்றவர். வயது நாற்பத்தொன்று. கெய்ரோ, ஷுப்ராவில் ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் என் தம்பி ஹைதமுடன் வசிக்கிறேன். என்மீது புகார் கொடுத்திருக்கும் வஜ்தி என்பவர் நான் வேலை பார்க்கும் கால் சென்டரில் தர மேலாளர். அவரை, காதில் மாட்டிப் பேசும் காதுக்கருவியால் முகத்தில் அடித்தது உண்டா என்று கேட்டதற்கு, உண்டு. அது ஏன் என்று கேட்டதால் பின்வருமாறு சொல்கிறேன்.

நான் அங்கே ஆங்கிலத் தெருப் பேச்சுப் பயிற்சியாளர். அதற்கு முன் குவைத்தில் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பு வேலை பார்த்தேன். அங்கிருந்த நர்சுகள் அயர்லாந்து, டிரினிடாட், ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியாக்காரிகள். பள்ளியில் படிக்கும் ஆங்கிலம் ஒன்று, அந்தந்த ஊர்க்காரர் பல் விளக்குவதற்கு முன் பேசும் ஆங்கிலம் வேறு. அயர்லாந்துக்காரி 'கிராண்ட்' என்றால் ஆஹா ஓஹோ இல்லை, பரவாயில்லை என்றுதான் பொருள். டிரினிடாட்காரி 'லைம்' பண்ணலாம் என்றால் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசலாம் என்கிறாள். நைஜீரியாவின் லாகோஸ்காரர் 'ஐ ஆம் கமிங்' என்று சொல்லிவிட்டு எழுந்து போவார், இதோ திரும்பி வந்துவிடுகிறேன் என்று பொருள், ஆளைக் காணோமே என்று பதறக் கூடாது. இதையெல்லாம் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்த நகரத்தில் என்னைவிட நன்றாக அதைச் செய்கிறவர் யாராவது இருந்தால் கூட்டி வரட்டும்.

எங்கள் இடத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, நாற்காலிக்குத்தான் பெயர், ஆளுக்கு இல்லை. என் தம்பி ஹைதமும் அங்கேதான் ஆஸ்திரேலியத் தொலைபேசிக் கம்பெனியின் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்த நாற்காலிக்கு ஆலிவர் என்று பெயர். அதில் யார் உட்கார்ந்தாலும் வாடிக்கையாளரிடம் ஆலிவர் பேசுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது, காதோதல். பேசுகிறவருக்கு ஒரு சொல் புரியாவிட்டால் நான் என் இடத்திலிருந்தே ஒரு பொத்தானை அழுத்தி அவர் காதில் பொருளைச் சொல்வேன். எதிர்முனைக்கு அது கேட்காது.

வஜ்தி, தான் லண்டனில் வளர்ந்தவர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அங்கே எத்தனை நாள் இருந்தாரோ தெரியாது, தெருப் பேச்சு ஒரு சொல் தெரியாது. பெரிய அழைப்புகளை அவர் எடுக்கும்போதெல்லாம் நான்தான் காதில் ஓதினேன். நான் இல்லாதபோது அவருக்கு ஒரே வழிதான். புரியாவிட்டால் சிரிப்பார், சிரித்துவிட்டு "பியூட்டிஃபுல், மை ஃப்ரெண்ட், பியூட்டிஃபுல்" என்பார்.

கடந்த குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. ஹைதம் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். அழைப்புகள் குவிந்ததால் வஜ்தி அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், தன் தாயார் 'கார்க்டு இட்', அவர் பெயரிலுள்ள இணைப்பைத் துண்டியுங்கள் என்று கேட்டார். தாயார் இறந்துவிட்டார் என்பதை அங்கே அப்படிச் சொல்வார்கள், அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் இன்னும் அதிகம் சொல்வார்கள். ஆலிவர் சிரித்துவிட்டு, பியூட்டிஃபுல், மை ஃப்ரெண்ட் என்றிருக்கிறார். அதன் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஆலிவரை வேலையை விட்டு நீக்கும்படி புகார் வந்தது.

அந்தப் புகாரை ஹைதமை நிற்கவைத்து வாசித்தவர் வஜ்திதான். 'பியூட்டிஃபுல், மை ஃப்ரெண்ட்' என்பதை வாசிக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நிர்வாகத்திடம் போய்ச் சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் ஒலிப்பதிவைத் திறக்கும் அனுமதி வஜ்திக்கு மட்டும்தான் என்றார்கள், அவர் திறக்கவில்லை. நாற்காலி ஆலிவருடையது, ஆலிவர் உன் தம்பி, அவ்வளவுதான் என்று சொல்லி அவனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

ஹைதமுக்கு அப்போது ரீஹாம் என்ற பெண்ணை நிச்சயம் செய்து, பாத்திஹா ஓதி, தங்கமும் போட்டிருந்தோம். செய்தி எப்படியோ ஷுப்ரா முழுக்கப் பரவிவிட்டது. பெண்ணின் தகப்பனார் ஹாஜி ஸெய்ன்ஹும் வளையல்களை ஒரு கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை. "துக்கம் சொல்ல வந்தவன்கிட்ட சிரிச்சவனுக்கு என் பொண்ணு இல்லம்மா" என்றார். ஹைதம் உள்ளறையில் இருந்தான். அன்றிலிருந்து அவன் தெருவில் இறங்குவதில்லை, ரொட்டி வாங்கக்கூட நான்தான் போகிறேன்.

அதன் பிறகு நான் சண்டை போடவில்லை. வஜ்திக்கு முன்னைவிட நன்றாக ஓதினேன். கேட்கும் முன்பே பொருளைச் சொன்னேன், பதிலையும் நானே சொன்னேன், அவர் வாயைத் திறந்தால் போதும் என்று வைத்தேன். தேனில் விழுந்த ஈ மாதிரி ஆகிவிட்டார். போன மாதம், ஆஸ்திரேலியக் கம்பெனியிலிருந்து லோர்னா பிடுல்ஃப் என்ற அம்மையார் எங்கள் வேலையை நேரில் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் நானே வஜ்தியிடம் போய்ச் சொன்னேன்.

"சார், அந்தம்மா முன்னாடி நீங்களே ஒரு கால் எடுங்க. அப்பதான் வெயிட்டா இருக்கும்."

"நீ கூடவே இருப்பல்ல ஷாஹி?"

"நான் எங்க சார் போகப்போறேன்."

நேற்றுக் காலை அம்மையார் வந்தார். வஜ்தி நடுக்கூடத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார். ஒரு பெரியவர் அழைத்தார். முதலில், வீட்டுப் போனைச் சரிசெய்ய இந்த 'ஆர்வோ' ஆள் அனுப்ப முடியுமா என்றார். பிற்பகல் என்று ஓதினேன், வஜ்தி அழகாகப் பதில் சொன்னார். அதன் பிறகு பெரியவர், மிஸஸ் ஒரு வாரமாக 'க்ரூக்', பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிறேன், எங்கள் போன் இல்லாமல் டாக்டரால் எங்களைக் கூப்பிட முடியவில்லை என்றார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். என் விரல் பொத்தான்மேல் இருந்தது. நான் அழுத்தவில்லை.

கருவி பழுதா என்று கேட்டதற்கு, பழுதில்லை. மறந்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, இல்லை. வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டேன்.

வஜ்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஹலோ ஹலோ என்றார். உடனே வஜ்தி சிரித்தார், சிரித்துவிட்டு "பியூட்டிஃபுல், மை ஃப்ரெண்ட், பியூட்டிஃபுல்" என்றார். அம்மையார் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். வஜ்தியிடமிருந்து அழைப்பை வாங்கி, பெரியவரிடம் தானே மன்னிப்புக் கேட்டு, இணைப்பு அன்றைக்கே சரியாக ஏற்பாடு செய்தார். அந்தப் பெரியவரை நினைத்தால் மட்டும் எனக்கு மனது உறுத்துகிறது. அதன் பிறகு அம்மையார் வஜ்தியிடம் கேட்டார்.

"இந்தச் சிரிப்ப எனக்குத் தெரியும். எங்க கம்பெனில இருக்கிற அந்தப் பதிவ நான் எத்தன தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? அம்மா செத்துப்போன அந்த மனுஷன்கிட்ட பேசின ஆலிவர் நீங்கதானா?"

வஜ்தி எழுந்தார். நேராக என் மேசைக்கு வந்தார்.

"என்னடி பண்ணிட்ட? உன் தம்பி தனிக்கட்டை, அவன் கெட்டுப்போனா ஒரு பயதான் போவான். நான் குடும்பஸ்தன்டி."

அப்போதுதான் அடித்தேன். மூக்குக்கண்ணாடி உடைந்தது, உதடு கிழிந்தது என்று மருத்துவர் எழுதியிருப்பது சரியாகத்தான் இருக்கும். எனக்கு அப்போது கோபம் இல்லை, நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதினார்கள்.

சமாதானமாகப் போகச் சம்மதமா என்று காவல் நிலைய அதிகாரி கேட்டார். நேற்று காதுக்கருவி பழுதானதால்தான் அவருக்கு எதுவும் கேட்கவில்லை என்று நான் நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குவதாக வஜ்தி சொல்லியனுப்பியதாகவும் தெரிவித்தார். எழுதித் தர மாட்டேன். சமாதானத்துக்குச் சம்மதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை. அவர் ஷுப்ராவுக்கு வர வேண்டும். ஹாஜி ஸெய்ன்ஹும் வீட்டுக் கூடத்தில், என் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அன்றைக்குச் சிரித்தது தான்தான் என்று சுத்தமான அரபியில் சொல்ல வேண்டும். அது அவருக்குத் தாய்மொழி. நான் காதில் ஓத வேண்டிய அவசியம் இருக்காது.

அதுவரை என்னைச் சிறையில் வைப்பதானாலும் வையுங்கள். மேலே கண்டதை என்னிடம் வாசித்துக் காட்டினார்கள், ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை, எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொன்னதல்ல.

(ஒப்பம்) ஷாஹிநாஸ் அப்துல் மூயிஸ்