எட்டு பேர் மட்டும்

லிஃப்டில் ஏறுகிறவர்கள் யாரும் அந்தச் சின்னத் தகட்டைப் படிப்பதில்லை, சார். கண்ணுக்கு நேராகத்தான் திருகி வைத்திருக்கிறோம். எட்டு பேர் மட்டும் என்று போட்டிருக்கும். ஒன்பதாவது ஆள் காலை உள்ளே வைத்ததும் மணி அடிக்கும், கதவு மூடாது. எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். கடைசியில் ஏறியவர்தான் இறங்க வேண்டும் என்று தகட்டில் எங்கும் எழுதவில்லை. யாராவது ஒருவர் இறங்கினால் போதும், மணி நின்றுவிடும்.

பத்தொன்பது வருடமாக லிஃப்ட் பராமரிப்பு வேலை செய்கிறேன். என் கையில் இருந்த எந்த லிஃப்டிலும் ஏறிய ஒருவருக்கும் நகக்கீறல் பட்டதில்லை. இதை நீங்கள் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

அதே பத்தொன்பது வருடமாக ஒரு நாவலும் எழுதினேன். மாயாஜால நாவல், அறுநூற்று நாற்பது பக்கம். ஏழு கோபுரங்கள், கோபுரத்துக்கு ஒரு மந்திரவாதி. ஒரு மந்திரவாதி செத்தால்தான் வெளியே காத்திருக்கிறவனுக்கு மந்திரம் பலிக்கும். அதுதான் அந்த உலகத்தின் சட்டம். மாயாஜாலம் என்றால் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எழுதிப் பார்த்தால் தெரியும், அதில்தான் சட்டத்தை ஊசிமுனை அளவுகூட மீறக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுதிக்கொண்டிருந்தால் என் மனைவி வாசற்படியில் நின்று கேட்பாள். "ஏங்க, உங்க மந்திரவாதி வந்து குழாயைச் சரி பண்ணுவாரா, இல்ல நீங்க எழுந்திரிக்கிறீங்களா?" எனக்கு அந்தக் கேலி பிடிக்கும். பதினான்காவது மறுப்புக் கடிதம் வந்த பிறகு அவள் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களுக்கு இந்தத் தொழில் தெரிந்திருக்க நியாயமில்லை. பெரிய பதிப்பகங்கள் எழுத்தாளன் நேராக அனுப்பும் பிரதியைப் பிரித்தே பார்ப்பதில்லை. இலக்கிய முகவர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த முகவரைப் பிடிக்க ஒரு பக்கக் கடிதம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் அனுப்ப வேண்டும். இருபத்தாறு பேருக்கு அனுப்பினேன். பன்னிரண்டு பேர் வாயே திறக்கவில்லை. பதினான்கு பேர் சொல்லிவைத்த மாதிரி, "எங்களுக்குப் பொருந்தவில்லை" என்று எழுதினார்கள். ஏன் பொருந்தவில்லை என்று ஒருவர்கூட எழுதவில்லை. லிஃப்ட் ஓடவில்லை என்று புகார் வந்தால் நான் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

இருபத்தேழாவது முகவரின் அலுவலகம் என் பராமரிப்புச் சுற்றில் உள்ள ஒரு கட்டடத்தில், ஆறாவது மாடியில் இருந்தது. மூன்று மாதம் என் பிரதியைக் கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் அந்த அம்மா தனியாக ஏறினார். நான் உள்ளே விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நான்காவது மாடி வருவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பிரதியைக் கையில் கொடுத்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் அறைச் சுவரில் எட்டு படங்கள் மாட்டியிருந்தன. எட்டும் அவருடைய எழுத்தாளர்கள். ஒன்பதாவது ஆணி இல்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. முகஸ்துதிக்காகச் சொல்லலை" என்றார். "ஆனா நான் எட்டு பேரைத்தான் பாத்துக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது. மாயாஜாலத்துக்கு வேற ஏற்கெனவே கோட்டைக்காரர் இருக்கார்."

"இடம் காலியானா, மேடம்?"

"காலியானா உங்களைத்தான் கூப்பிடுவேன், போதுமா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. இருபத்தாறு பேர் முடியாது என்றார்கள். இவர் ஒருவர்தான் நிபந்தனை சொன்னார். நிபந்தனை என்றால் நிறைவேற்றலாம்.

ஒரே கோட்டையைப் பற்றிப் பதினோரு பாகம் எழுதியதால் அந்தப் பெரியவருக்குக் கோட்டைக்காரர் என்று பெயர். வயது எழுபத்தெட்டு. நான் அவசரப்படவில்லை, ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். அவருக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. அவர் ஐந்தாவது மாடியில் குடியிருந்த கட்டடம் என் கூட்டாளியின் சுற்றில் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டு, அவனுடைய வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறொன்றை விட்டுக்கொடுத்தேன். அவனுக்கு வாயெல்லாம் பல்.

கோட்டைக்காரர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கதவைத் தட்டி லிஃப்ட் சரியாகிவிட்டது என்று சொன்ன முதல் நாளே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதினோரு நாளில் அறுநூற்று நாற்பது பக்கத்தையும் படித்துவிட்டார், பென்சிலும் கையுமாக. என் மனைவிகூட நூறு பக்கத்தைத் தாண்டியதில்லை.

"தம்பி, என் கோட்டைப் பக்கம் நான் போயே பதினோரு நாளாச்சு. உங்க கோபுரத்துலயே குடியிருக்கேன்" என்றார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். பத்தொன்பது வருடத்தில் யாரும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரே ஒரு குறிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், கோபுரத்துச் சட்டம் வரும் இடத்தில், ஓரமாக எழுதியிருந்தார்: ஏன் சாக வேண்டும்? எழுந்து போனால் போதாதா? பதினோரு பாகம் எழுதியவருக்கு இதுகூடப் புரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது. தானாக எழுந்து போகிற மந்திரவாதியை யார் நம்புவார்கள்? ரப்பரால் அழித்துவிட்டேன்.

பன்னிரண்டாம் பாகம் நகர மாட்டேன் என்கிறது என்று அடிக்கடி அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்கிறவர்கள் இடத்தை விடுவதில்லை, சார். நானும் பத்தொன்பது வருடம் அலுத்துக்கொண்டவன்தான்.

செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அவர் தபால் போடக் கீழே இறங்குவார். கைத்தடியை முன்னால் நீட்டிக்கொண்டு, தன் பாத்திரங்களோடு ஏதாவது பேசிக்கொண்டே வருவார். காலடியைப் பார்க்கும் பழக்கம் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மற்ற எல்லா மாடிகளிலும் வேலை நடக்கிறது என்ற பலகையை மாட்டினேன். வேறு யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். குழந்தைகள் இருக்கிற கட்டடம். லிஃப்ட் கூண்டு வந்து நின்றால்தான் கதவு திறக்க வேண்டும், அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. ஐந்தாவது மாடிக் கதவில் அன்று அது வேலை செய்யவில்லை. கூண்டு தரைத்தளத்தில் நின்றது.

"சரியாயிடுச்சா தம்பி?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சு ஐயா. ஏறுங்க."

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு. இருங்க, கீழே போயிட்டு வந்து சொல்றேன்."

கதவை நான்தான் திறந்துவிட்டேன். பத்து மணி ஆறு நிமிடம். நீங்கள் பத்து மணி என்று எழுதியிருக்கிறீர்கள், திருத்திக்கொள்ளுங்கள். அவர் லிஃப்டில் ஏறவே இல்லை. ஆகவே நான் முதலில் சொன்னது இப்போதும் சரிதான்.

விபத்து என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். மரியாதைக்கு ஒன்பது நாள் விட்டுவிட்டு முகவரைப் பார்க்கப் போனேன். சுவரில் கோட்டைக்காரர் படம் அப்படியே இருந்தது. முகவருக்கு அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"இடம் காலியாயிடுச்சே, மேடம்."

என் கருவிப் பையையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். பதிப்பகத்தோடு பேசப் போகிறார் என்று நினைத்து, பிரதியை மேசைமேல் நேராக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள்.

நேற்று கோட்டைக்காரர் சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். முகவருக்கு எழுதியது. பன்னிரண்டாம் பாகத்தை நிறுத்திவிட்டேன், நான் எழுந்துகொள்கிறேன், என் இடத்தை லிஃப்ட் பார்க்கும் தம்பிக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது.

இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடிதம் தபாலில் சேரவில்லை. சேராத கடிதத்தால் இடம் காலியாகாது. ஆகவே பத்து மணி ஆறு நிமிடத்துக்கு அவர் இன்னும் எட்டு பேரில் ஒருவர்தான். நான் செய்தது வீண் வேலை என்று நீங்கள் எழுத முடியாது.

தபால்தலை ஒட்டியிருக்கிறது என்று சொன்னீர்கள். உங்கள் வேலை முடிந்ததும் அதைத் தபாலில் போட்டுவிடுங்கள், சார். மேடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆறாவது மாடிதான், ஆனாலும் தபால்காரருக்குச் சிரமம் இருக்காது. அந்த லிஃப்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.