ஆட்சேபணையின் நடுவே ஒரு கோடு

...கைதட்டல் போதுங்க. அச்சகம் நடத்துறவங்க, பக்கம் வடிவமைக்கிறவங்க, பிழை திருத்துறவங்கன்னு இத்தனை பேரு ஒரே மண்டபத்துல எனக்கு எப்பக் கிடைப்பீங்க? அதனால வாழ்த்துரைய ஓரமா வச்சுட்டு, சின்னதா ஒரு சம்பவம் சொல்றேன். முடிஞ்சதும் என் மேல கோபம் வந்தா வரட்டும். நானும் கோபத்தோடதான் வந்திருக்கேன்.

ஈச்சங்கரடுன்னு ஒரு ஊரு. அந்த ஊருக்குத்தான் இப்ப நான் வக்கீல். அங்க பூலம்மாள்னு ஒரு அம்மா, கிணத்துத் தண்ணிய நம்பி வெங்காயம் போடுறவங்க. ஊருக்கு மேக்க இருக்கிற கரட்டுக் குன்றுல கல்குவாரி வரப் போகுதுன்னு பேப்பர்ல ஒரு அறிவிப்பு வருது. 'ஆட்சேபணை உள்ளவர்கள் கீழ்க்கண்ட இணையதள முகவரியில் மட்டும் தெரிவிக்கவும்.' கெடு தேதியும் போட்டிருக்கு.

பூலம்மாள் சும்மா இருந்தாங்களா? இருக்கல! வீடு வீடாப் போனாங்க. "ஏப்பா, அங்க வெடி வச்சா இங்க கிணத்துல தண்ணி நிக்குமா? கிளம்புங்க, வேணாம்னு சொல்லிட்டு வருவோம்!" பாதி ஊரக் கிளப்பி பஸ்ல ஏத்தி, டவுன்ல காஜா மைதீன்ங்கிறவரோட கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிட்டுப் போய் நிறுத்திட்டாங்க.

காஜா மைதீன் பேப்பரப் பக்கத்துல வச்சுக்கிட்டு அடிக்கிறாரு. வரல. மறுபடி அடிக்கிறாரு... வரல. 'இந்தப் பக்கம் இல்லை'ன்னு திரையில வருது.

"எக்கா, எழுத்துக்கு எழுத்து பாத்துத்தான் அடிக்கேன். அங்கிட்டுத்தான் ஏதோ கோளாறு. நாளைக்கு வாங்க."

மறுநாள் போனாங்க. வரல. அதுக்கு மறுநாளும் போனாங்க. கூலிய விட்டுட்டு எத்தனை நாள் ஊரே வரும்? கடைசியில பூலம்மாள் மட்டும் போனாங்க. வரவே இல்ல... கெடு முடிஞ்சு போச்சு.

குவாரிக்கு அனுமதியும் கொடுத்தாச்சு.

பூலம்மாளும் நானும் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் போறோம். அங்க ஒரு அதிகாரி. கெட்டவர் இல்ல, உக்கார வச்சுத்தான் பேசுனாரு. "ஏம்மா, இத்தனை நாள் அவகாசம் கொடுத்தோம். உங்க ஊர்ல இருந்து ஒரு ஆட்சேபணைகூட வரலையே! ஊருக்குச் சம்மதம்னுதான எடுத்துக்குவோம்?"

"சம்மதமா? சார், அந்தப் பக்கமே வரல சார்!"

"வரலையா? இந்தா பாருங்க"ன்னு அவர் கம்ப்யூட்டர்ல திறக்கிறாரு. பளிச்சுன்னு வருது! பூலம்மாள் விடல. மடியில இருந்து அந்தப் பேப்பர எடுத்து நீட்டுனாங்க. அவர் பாக்குறாரு... கண்ணாடியப் போட்டுக்கிட்டு மறுபடி பாக்குறாரு.

என்ன தெரியுமா ஆகியிருந்துச்சு? முகவரி நீளம். ஒரு வரியில அடங்கல. கடைசியில 'ஆப்ஜெக்‌ஷன்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தை. 'ஆப்ஜெக்' வரைக்கும் ஒரு வரி, பக்கத்துல ஒரு சின்னக் கோடு, 'ஷன்' அடுத்த வரி. இங்கிலீஷ் வார்த்தைய உடைச்சா வரி முடிவுல போடுவோமே, அந்தக் கோடு! முகவரியில அது கிடையவே கிடையாது. அச்சுல மட்டும் இருக்கு. அதையும் சேத்து அடிச்சா எப்படிங்க திறக்கும்?

அதிகாரி சொல்றாரு, "இந்தக் கோடு அச்சுல வந்ததும்மா. அத விட்டுட்டு அடிச்சிருக்கணும்."

பூலம்மாள் கேட்டாங்க... "அது எனக்கு எப்படி சார் தெரியும்?"

அதிகாரிய விடுங்க. இந்தக் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்கா? சொல்லுங்க... இருக்கா?

'வேற விதமாத் தேடிப் பாத்திருக்கலாமே'ன்னு அங்க யாரோ முணுமுணுக்கிறீங்க. எதுக்குத் தேடணும்? அரசாங்கம் கொடுத்த முகவரி, பேப்பர்ல அச்சாகி வந்திருக்கு. அதச் சந்தேகப்படணும்னு எந்தப் பள்ளிக்கூடத்துலய்யா சொல்லிக் கொடுத்தாங்க?

பக்கம் வடிவமைச்சவரையும் போய்ப் பாத்தேன். "சார், கட்டம் சின்னது. முகவரி அடங்கல. சாஃப்ட்வேர் தானா உடைச்சுத் தானாக் கோடு போட்டுருச்சு. நான் என்ன சார் பண்றது?" தானா! எல்லாம் தானா! அப்ப நாற்காலியில நீ எதுக்குய்யா உக்காந்திருந்த? அதே முகவரியில அந்த வார்த்தைக்கு முன்னாடியே ஒரு சாய்கோடு இருந்துச்சு. அதுக்கப்புறம் உடைச்சிருந்தா ஒரு கோடும் தேவையில்ல. யாரும் ஏமாந்திருக்க மாட்டாங்க.

இப்ப என்ன நிலைமை? வெடி வைக்கிறாங்க. கிணத்துத் தண்ணி கீழ இறங்கிப் போச்சு. வெங்காயம் பயிராவே கருகிருச்சு. வீட்டப் பூட்டிட்டு பூலம்மாள் திருப்பூர்ல பனியன் கம்பெனியில நூல் பிசிறு வெட்டிக்கிட்டு இருக்காங்க. அனுமதிய எதிர்த்து நாங்க போட்ட கேஸுல ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வந்து கோர்ட்டு வாசல்ல நிக்கிறாங்க. கேஸ் இன்னும் முடியல. ஜெயிப்போமான்னு கேட்டா... எனக்குத் தெரியல.

இது எதுக்கு உங்ககிட்ட? அதிகாரி 'அச்சுல வந்தது'ங்கிறாரு. வடிவமைச்சவர் 'சாஃப்ட்வேர்'ங்கிறாரு. மெஷின் மேல கேஸ் போட முடியுமா? அதனால மனுசங்க உங்ககிட்ட சொல்றேன். சாதாரண வார்த்தைய உடைச்சா, படிக்கிறவன் மனசுலயே ஒட்டிக்குவான். முகவரிய உடைச்சா அவனால ஒட்ட முடியாது. அவன் கண்ணுல பட்டதைத்தான் அடிப்பான். அடங்கலையா? தனி வரி கொடுங்க. எழுத்தச் சின்னதாக்குங்க. உடைச்சே ஆகணுமா, சாய்கோட்டுக்கு அப்புறம் உடைங்க. நீங்களா ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு இடைவெளி சேக்காதீங்க! கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு காட்டுற பாதைய அச்சடிச்சாலும் இதே கதிதான்.

நாளைக்கு உங்க மேசைக்கு ஒரு முகவரி வரும். பக்கத்த முடிச்சதும், தாள்ல தெரியிறத மட்டும் பாத்து, ஒரு எழுத்து விடாம நீங்களே அடிச்சுப் பாருங்க. திறக்கலையா...

அச்சு மெஷின ஓட்டாதீங்க.