இருபது மில்லி பிப்பெட்

கண்ணாடிச் சாமான் கழுவுவதில் என்னைக் குறை சொல்ல ஆளில்லை. முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் எந்தக் கரைசலை ஊற்றப்போகிறோமோ அதிலேயே ஒரு அலசு. மூன்று வருடத்தில் ஒரு குழாயைக்கூட நான் உடைத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

பெயர் யுவராணி. சின்னாளபட்டி. அப்பா தறி நெய்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. வேதியியல், எழுபத்தெட்டு சதவீதம். லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்த அன்றே அந்தச் சான்றிதழ்களைத் துறைத்தலைவர் அழகுராஜா சார் வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தக் கல்லூரியில் அதுதான் வழக்கம். ஒரிஜினலைக் கொடுத்தால்தான் வேலை. வேலையை விட்டாலும் அவர் மனது வைத்தால்தான் ஒரிஜினல்.

ஜூன் மாதம் குடிநீர் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. பத்து நாளுக்குள் ஒரிஜினலோடு வரச் சொன்னார்கள். சாரிடம் ஐந்து முறை கேட்டேன்.

“எங்கம்மா போகப் போற? வருசக் கடைசியில பாப்போம். தறிக்காரர் மகளுக்கு அம்புட்டு அவசரமா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூட நான் பதில் பேசியிருப்பேன்.

பிப்பெட் என்பது அளந்து உறிஞ்சி எடுக்கிற கண்ணாடிக் குழாய். உறிஞ்சுவதற்கென்று ரப்பர் குமிழ் உண்டு. அந்தக் குமிழ்களும் அதே பீரோவில்தான் கிடந்தன. ஆய்வுக்குழு வரும் நாளில் மேசைமேல் அடுக்குவோம். அவர்கள் வண்டி ஏறியதும் உள்ளே போய்விடும். மற்ற நாளில் வாய்தான். முதலாமாண்டின் முதல் வகுப்பில் சாரே உறிஞ்சிக் காட்டுவார். “வாய் எதுக்குய்யா இருக்கு, பிரியாணி திங்க மட்டுமா?” என்பார். வருடம் தவறாமல் அதே ஜோக். பிள்ளைகளும் வருடம் தவறாமல் சிரிக்கும். குழாயிலுள்ள அளவுக்கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு ஏறியதில்லை அவருக்கு.

ஏற வேண்டுமென்றால் ஒரே வழிதான். பாட்டிலில் கரைசல் குறைவாக இருக்க வேண்டும். குழாயின் நுனி கரைசலுக்கு மேலே வந்துவிட்டால் காற்று நுழையும், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பாய்ச்சலில் வாய்க்கு வந்துவிடும். லேப்பில் நின்ற எவருக்கும் தெரிந்த விஷயம் இது.

எட்டாவது நாள் முதலாமாண்டுக்கு முதல் வகுப்பு. நீர்த்த காரம் என்று சீட்டு ஒட்டிய பாட்டிலில், சதையை அரிக்கிற நீர்க்காத காரத்தை ஊற்றினேன், இரண்டு விரல் உயரத்துக்கு. சார் ஆஸ்பத்திரியில் படுத்தால் பீரோ சாவி ஆபீசுக்குப் போகும். அங்கே முத்துச்சாமி அண்ணன் இருக்கிறார், கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான் நான் யோசித்தது.

சார் பிப்பெட்டைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. முன்வரிசையில் நின்ற பெண்ணிடம் நீட்டினார்.

“நீ வா தாயி, நீ உறிஞ்சு. யுவராணி, செத்த நேரம் பாத்துக்க.”

ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பெண் கௌசல்யா. கீரனூர். அவள் வீட்டிலும் அவள்தான் முதல் ஆளாம். அவளுடைய லேப் கோட்டுக்கு நான் பொத்தான் போட்டுவிட்டபோது சொன்னாள். கடையில் வாங்கிய மடிப்புகூட அந்தக் கோட்டில் கலைந்திருக்கவில்லை. நுனியைக் கரைசலில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்கக்கா, வாயில பட்டா எரியாதுங்களா?”

நான்கு விநாடி யோசித்தேன். வேண்டாம் என்றால் சார் ஏனென்று கேட்பார். பாட்டிலைச் சோதிப்பார். என் காகிதங்கள் அந்தப் பீரோவிலேயே மட்கிப்போகும். கை பட்ட மாதிரி பாட்டிலைத் தட்டிவிட்டிருக்கலாமே என்பீர்கள். மூன்று வருடம் எதையும் உடைக்காதவள் அன்றைக்கு மட்டும் உடைத்தால் சந்தேகம் வராதா?

“ஒண்ணும் ஆகாது. தைரியமா உறிஞ்சு” என்றேன்.

அவள் கத்தவில்லை. அவளால் கத்த முடியவில்லை. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தது நான்தான். எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் பாட்டிலைக் கழுவினேன். முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் நீர்த்த காரத்தில் ஒரு அலசு. பிறகு சரியான கரைசலைக் கழுத்து வரை நிரப்பினேன்.

மறுநாள் சார் ஒரு காகிதத்தை நீட்டினார். மாணவி தானாகவே வேறு பாட்டிலை எடுத்துவிட்டாள் என்று அதில் இருந்தது.

“காலேஜ் பேரு கெடக் கூடாதும்மா. கையெழுத்தப் போட்டுட்டு உன் சர்டிபிகேட்ட வாங்கிக்க.”

போட்டேன். பத்தாம் நாள் காலையில் புது வேலையில் சேர்ந்தேன். அங்கே எல்லோருக்கும் ரப்பர் குமிழ் உண்டு. யாராவது வாய் வைத்தால் நான் விடமாட்டேன், சத்தம் போடுவேன். கேட்டுப் பாருங்கள்.

கௌசல்யாவுக்கு இப்போது வயிற்றில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்றீர்கள். பேச்சு இல்லை. ‘ஒண்ணும் ஆகாதுன்னு யுவராணி அக்கா சொன்னாங்க’ என்று நோட்டில் எழுதிக் காட்டினாளாம். நல்ல கையெழுத்து, நீங்கள் காட்டியபோது நானும் பார்த்தேன். அவள் பொய் எழுதவில்லை.

பாட்டிலில் ஊற்றியது நான். உறிஞ்சச் சொன்னது நான். கழுவியதும் நான். ஆனால் அவளை முன்னால் கூப்பிட்டது அழகுராஜா சார். அதை முதல் வரியில் எழுதுங்கள்.

இன்னொன்று, மேடம். இங்கே ஸ்டேஷனில் என் பையை வாங்கும்போது ஒரிஜினலையும் சேர்த்து உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அடுத்த வேலைக்குத் தேவைப்படும். எப்போது தருவீர்கள்?