பத்தாவது கை

திங்கட்கிழமை மதியம் சிவப்பு பீன்ஸும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டால்தான் எனக்கு எழுத்து ஓடும். நியூ ஆர்லியன்ஸில் பாதிப் பேர் அன்றைக்கு அதைத்தான் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டதும் உட்கார்ந்து பத்திரிகைக்கான வாரப் பத்தியை முடித்துவிடுவேன். அரசியல், கோர்ட்டு, ஜாஸ் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு வறுப்பது என் வேலை. முப்பது வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

யாரையும் நான் விட்டுவைத்ததில்லை. எங்கள் ஊரில் நீதிபதியும் ஓட்டுக் கேட்டுத்தான் வரவேண்டும். பேண்டு வாத்தியம் வைத்து ஊர்வலம் விட்டு ஓட்டுக் கேட்ட நீதிபதிகளை எல்லாம் தோலுரித்திருக்கிறேன். அரசு தலைமை வழக்கறிஞருக்குத் தேர்தல் நெருங்கினால்தான் கொலைகாரர்கள் கண்ணில் படுவார்கள் என்று எழுதினேன். அது உண்மையும்கூட.

ஆல்சைட் பிரெவோவைப் பற்றி ஒரே ஒரு முறைதான் எழுதினேன். ஞாயிறு மதியங்களில் ஒரு சின்ன கிளப்பில் டிரம்ஸ் வாசிப்பவன். ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது எனக்கு எரிச்சலாக இருந்தது. "கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வாசிப்பவர் யாரென்று சொல்ல முடியாது. ஏனென்றால் அங்கே யாருமில்லை" என்று முடித்தேன். நல்ல வாக்கியம்தான்.

அடுத்த ஞாயிறு அதை மேடையில் உரக்க வாசித்துக் காட்டினான். நான் மூன்றாவது மேஜையில் இருந்தேன்.

"மிஸ்டர் லாண்ட்ரி காதுல ஒரு கொறையும் இல்லப்பா. மனசுதான் செவிடு" என்றான் மைக்கில்.

கிளப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்ன ஆள் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஒரு மனிதர் காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். தெருவின் எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பெண் ஆல்சைடின் படத்தைப் பார்த்து இவன்தான் என்றாள். தேர்தலுக்கு நான்கு மாதம் இருந்தது.

அந்த நேரம் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தேன் என்றான் ஆல்சைட். பேண்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். சிநேகிதர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று அரசுத் தரப்பு கேட்டது. கிளப்காரர் அன்றைய வாசிப்பைப் பதிவு செய்திருந்தார். பக்கத்து சர்ச் மணி மூன்று அடிப்பது அதில் தெளிவாக விழுந்திருந்தது. ஆனால் ஞாயிறு மதியம் யார் வேண்டுமானாலும் மேடையேறி ஒரு பாட்டுக்கு வாசிக்கலாம், அது வழக்கம். அந்தப் பாட்டுக்கு வேறு எவனோ உட்கார்ந்திருக்கிறான் என்றது அரசுத் தரப்பு. ஆக, டிரம்ஸ் அடித்த கை யாருடையது என்பதில் வழக்கு வந்து நின்றது.

பன்னிரண்டு பேர் ஜூரிக்கு என் பெயரும் வந்தது. அவனைப் பற்றி எழுதியதை மறைக்காமல் சொன்னேன். நியாயமாக நடந்துகொள்வேன் என்றும் சொன்னேன். அவனுடைய வக்கீல் என்னை நீக்கச் சொல்லி எழுந்தபோது ஆல்சைட் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"அவரு இருக்கட்டும் சார். என்னைப் பிடிக்காது, சரி. ஆனா அந்தக் காதுக்கு என் கை தெரியும்."

எனக்குக் கேட்டது. இருந்தேன்.

ஜூரி அறையில் பதிவைப் போட்டார்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கடைசி அடிக்கு முன்னால் ஆல்சைட் ஒரு இடத்தைக் காலியாக விடுவான். படியில் கால் வைக்கப் போனவன் எதையோ நினைத்து நிற்பதுபோல. பிறகு டிரம்மின் விளிம்பில் ஒரே ஒரு தட்டு. முதல் சுற்றிலேயே அது வந்தது. அவன்தான். எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அதுவரை எட்டுப் பேர் குற்றவாளி என்றும் நான்கு பேர் இல்லை என்றும் இருந்தோம். நான் நால்வரில் ஒருவன். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மிஸ் யூலா இன்னொருவர். அவர்தான் என் பக்கம் திரும்பினார்.

"கண்ண மூடுனா இவன் யாருன்னு சொல்ல முடியாதுன்னு எழுதுனது நீங்கதானே, மிஸ்டர் லாண்ட்ரி? இப்ப மூடிக் கேட்டீங்களே. அவனா?"

மற்ற பத்துப் பேரும் சாண்ட்விச்சை மெல்லுவதை நிறுத்தினார்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? எழுதியது எழுதியதுதான்.

"சொல்ல முடியாது" என்றேன்.

குற்றவாளி என்று மிஸ் யூலா கையைத் தூக்கினார். பிறகு நான் தூக்கினேன். அப்போது எங்கள் மாநிலத்தில் ஒருவனைத் தண்டிக்கப் பன்னிரண்டில் பத்துக் கை போதும். மற்ற இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். ஆல்சைடுக்குச் சாகும்வரை சிறை. தலைமை வழக்கறிஞர் தேர்தலில் ஜெயித்தார். அந்தத் திங்கட்கிழமை அவரைக் கிழித்து எழுதினேன். பிறகு மக்களே ஓட்டுப் போட்டு அந்தப் பத்துக் கை வழக்கத்தை ஒழித்தார்கள். ஏற்கெனவே உள்ளே போனவர்களுக்கு அது பொருந்தாது என்று மேல் கோர்ட்டில் இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். திருடு போனது வாஸ்தவம்தான், பொருளைத் திருப்பித் தரமாட்டோம் என்பதுதான் எங்கள் சட்டம்.

இந்த வசந்தத்தில் ஒடெல் ரிச்சார் என்ற இளம் வக்கீல் ஆல்சைடுக்காக என்னைத் தேடி வந்தாள். பதினாறு வருஷம் ஆகிவிட்டது என்றாள். உங்களிடம் சொன்ன அத்தனையையும் அவளிடமும் தயங்காமல் சொன்னேன். ஜூரி அறைக்குள் நடந்ததை வைத்துத் தீர்ப்பை அசைக்க எந்தக் கோர்ட்டும் விடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"கோர்ட்டுக்கு வேண்டாம், சார்" என்றாள். "மன்னிப்பு வாரியத்துக்கு ஒரு கடிதம் போதும். அவங்களுக்கு இந்த விதியெல்லாம் கிடையாது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கடிதத்தை அவளே எழுதிக்கொண்டு வந்தாள். பதிவில் கேட்பது ஆல்சைட் பிரெவோவின் கைதான் என்று இருந்தது. சரி. அடுத்த வாக்கியம், அப்படி வாசிக்க வேறு யாராலும் முடியாது என்று இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன்.

"எடுத்தா, அப்ப எப்படி அவன்னு தெரிஞ்சுதுன்னு கேப்பாங்களே" என்றாள்.

அது அவள் பாடு என்றேன். கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நாலு தரம் போன் செய்தாள். வாரியம் போன செவ்வாய்க்கிழமை கூடி, ஒன்பதே நிமிஷத்தில் ஆல்சைடின் மனுவைத் தள்ளிவிட்டது. மறுபடி மனுப் போடச் சில வருஷம் ஆகுமாம். அவனுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது.

நான் ஈரமில்லாதவன் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டுக் கொண்டு வரட்டும், கையெழுத்துப் போடுகிறேன்.