விசைப்பட்டியலும் மேல்வீட்டு வினோலியாவும்

அவைக்கு அழகும் அமைதியும் சேர்த்து நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் இன்பராணி அம்மையார் அவர்களே! பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றும் எங்களைத் திருத்துவதிலிருந்து ஓய்வு பெறாத ஆசிரியப் பெருந்தகையே! மயூர் விஹாரின் மாடிகள்தோறும் இருந்து, முழங்கால் வலியில் முனகிக்கொண்டே இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! தில்லிக் குளிருக்குச் சால்வை போர்த்தி, தமிழுக்குச் செவி திறந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டு ஹிந்தியில் சிரிக்கும் இளைய செல்வங்களே! இன்றைய பிரிவு உபசார விழாவின் நாயகியாக இருந்தும், மேடைக்கு வராமல் கடைசி வரிசையில் ஒளிந்துகொண்டிருக்கும் செவிலியர் வினோலியா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சந்திரமௌலியின் தலை தாழ்ந்த வணக்கம்!

என்ன சுந்தரேசன் சார்? கூப்பிட்டு முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிடும் என்கிறீர்களா? ஆறட்டும். இன்று இந்த அழைப்புகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அன்பர்களே! கரோல் பாகில் விழாவா, கூப்பிடு சந்திரமௌலியை! சரோஜினி நகரில் பாராட்டா, கூப்பிடு சந்திரமௌலியை! காதுகுத்தா, கருத்தரங்கா, கண்ணீர் அஞ்சலியா, கூப்பிடு சந்திரமௌலியை! அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பெழுதிய காலத்திலிருந்து இன்றுவரை நான் ஏறாத தமிழ் மேடை இந்தத் தலைநகரில் இல்லை. ஒவ்வோர் உரையையும் கணிப்பொறியில் எழுதித்தான் கொண்டு வருவேன். எழுதும்போது எது அலுப்பு தெரியுமா? கருத்தல்ல, கற்பனையல்ல, மேற்கோளல்ல. இந்த அழைப்புகள்தான்! 'பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே' என்று ஒவ்வொரு முறையும் தட்டித் தட்டி என் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

எழுதும் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அடிக்கடி வரும் தொடரைச் சேமித்து, அதற்கென்று விசைகளை நாமே ஒதுக்கி வைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒதுக்கினேன். கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால், தாய்மார்களே! டி-க்குப் பதிலாகப் பி, பெரியோர்களே! எல் என்றால் இளைய செல்வங்களே! மணமக்களுக்கு ஒன்று, மறைந்தவருக்கு ஒன்று. நன்றி கூறி விடைபெறுகிறேன் என்பதற்கும் ஒன்று. சிரிக்காதீர்கள் தலைவர் அவர்களே, தங்களுக்கும் தனியாக ஒன்று உண்டு!

இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கு அல்ல. நான் மணம் செய்துகொள்ளாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். விழா முடிந்து, மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு மெட்ரோவில் வருவேன். பூட்டைத் திறப்பேன். மாலையை நாற்காலியில் போடுவேன். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரப் போவதில்லை. அடுத்த விழா எப்போது வருமோ? அதுவரை பால்காரரிடம் 'அச்சா' என்பேன், காய்கறிக்காரரிடம் விலை கேட்டு 'கித்னா' என்பேன். அவ்வளவுதான் என் உரையாடல்.

அப்படிப்பட்ட மாலைகளில் கணிப்பொறியைத் திறப்பேன். எழுதுவதற்கு உரை எதுவும் இருக்காது. வெற்றுப் பக்கத்தில் டி-யை அழுத்துவேன். தாய்மார்களே! பி-யை அழுத்துவேன். பெரியோர்களே! எல்-லை அழுத்துவேன். திரையில் கூட்டம் கூடும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அழித்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு மனிதனுக்கு இதைவிடத் தனிமை வேண்டுமா? சொல்லுங்கள், வேண்டுமா?

கணிப்பொறி ஒருநாள் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. பழுது பார்க்க வந்த பையன் முடுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“ஃபார்மட் கர்னா படேகா, அங்கிள்ஜி. ஃபைல் பச் ஜாயேகி, ஷார்ட்கட் நஹீ.”

எழுதிய உரைகள் பிழைத்துக்கொள்ளும், ஒதுக்கிய விசைகள் பிழைக்காது என்று தீர்ப்பு எழுதிவிட்டான். நாளை வந்து துடைத்துவிடுவானாம். எனக்கோ எந்தத் தொடருக்கு எந்த விசை என்று சொல்லத் தெரியாது. விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. போகிற போக்கில் அவனே ஒரு வழியும் சொன்னான். அச்சிடும் இடத்தில், எதை அச்சிட வேண்டும் என்று கேட்கும் பட்டியலைத் திறந்தால், 'கீ அசைன்மென்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால், நாம் ஒதுக்கிய விசைகள் அத்தனையும் தாளில் வரிசையாக வந்துவிடுமாம்.

அட, இவ்வளவுதானா! என்னிடம் அச்சு இயந்திரம் இல்லை. ஆகவே என் உரை ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டில் உள்ள நகல் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் என் உரையைத் திறந்தார், நான் சொன்னதைத் தேர்ந்தெடுத்தார், தாள் வந்தது. ஆவலோடு பார்த்தேன். அதில் தாய்மார்கள் இல்லை! பெரியோர்கள் இல்லை! வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு விசை, பிரமாணப் பத்திரத்துக்கு ஒரு விசை, சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு விசை! எல்லாம் அந்தக் கடைக்காரர் தம் வசதிக்கு ஒதுக்கி வைத்தவை. என் விசைகள் என் கணிப்பொறிக்குள் இருக்கின்றன, நான் கொண்டுபோனதோ எழுதிய உரையை மட்டும். ஊர் முழுக்கப் பேசுகிறவனுக்கு இது தோன்றவில்லை!

அந்தத் தாளோடு மாடிப்படி ஏறினேன். என்னை மீறி வாய்விட்டுச் சொன்னேன். “ஐயோ, இது என் கூட்டம் இல்லையே!”

மேலே இருந்து இறங்கி வந்த ஒரு காலடி சட்டென்று நின்றது. தினமும் படியில் பார்க்கிற மேல்வீட்டுப் பெண்மணிதான், நம் வினோலியாதான். 'நமஸ்தே அங்கிள்ஜி' என்பார், நானும் மகளே என்ற பொருளில் 'நமஸ்தே பேட்டி' என்பேன். குழாயில் தண்ணீர் வராத நாளில் 'பானி ஆயா கியா?' என்பார், நான் 'நஹீ ஆயா' என்பேன். வருஷக் கணக்காக இதுதான் எங்கள் பேச்சு. அன்று அவர் கைப்பையை அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“அண்ணாச்சி, நீங்க தமிழா?”

“நீங்க?”

“நமக்குச் சொந்த ஊரு நாசரேத்து, அண்ணாச்சி! கர்த்தரே, இத்தன வருஷமா ஹிந்தியில தண்ணி கேட்டுட்டு இருந்திருக்கேனே!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தில்லித் தமிழர் ஒற்றுமை பற்றி மேடைமேடையாக முழங்கியவனுக்கு, தன் தலைக்கு மேலே தமிழ் குடியிருந்தது தெரியவில்லை! அவருக்கும் தெரியவில்லை. தாய்மொழி ஒன்றாக இருந்தும் இரண்டு பேர் ஒரே படிக்கட்டில் பிறமொழியில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம். இந்த ஊரைத் தவிர வேறெங்கே நடக்கும் இந்த விந்தை?

விஷயத்தைச் சொன்னேன். “நம்மட்ட பிரின்டர் இருக்குல்லா! இருங்க, கொண்டாரேன்” என்று திரும்பி ஏறினார். போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்து அதை இறக்கி வந்தார். அயர்லாந்து மருத்துவமனை ஒன்றில் வேலைக்கு மனுப் போடுவதற்காக, சான்றிதழ்களை அச்செடுக்க வாங்கிய இயந்திரமாம் அது. அன்று அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

என் கணிப்பொறியில் அதைச் செருகினார். பழுது பார்த்த பையன் சொன்னதைத் தேர்ந்தெடுத்தேன். வந்தார்கள் என் தாய்மார்கள்! வந்தார்கள் என் பெரியோர்கள்! மை மணக்க, மடிப்புக் கலையாமல், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்! வினோலியா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“தலைவரு இருக்காவ. தாய்மாரு இருக்காவ. தகப்பன்மாருக்கு ஒண்ணுமில்லியா அண்ணாச்சி?”

“பெரியோர்கள்ல அவங்களும் அடக்கம்.”

தாளை மேசையில் வைத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலியில் காய்ந்து கிடந்த மாலையையும் பார்த்தார். “சரி. வீட்டுல யாரு இருக்கா?”

சபையோரே! எத்தனையோ கேள்விகளுக்கு எழுந்து நின்று பதில் சொன்னவன் நான். அந்தக் கேள்விக்கு, “நான் இருக்கேன்” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அவர் நாற்காலி அருகே போனார். மாலையை எடுத்துக் குப்பையில் போட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “டூட்டிக்கு இன்னும் நேரம் கெடக்கு. டீ போடுவியளா?” என்றார்.

கணிப்பொறியைத் துடைத்த பிறகு, ஒரு விடுமுறை நாளில் வந்து அந்தப் பட்டியலை அவர் வாசிக்க வாசிக்க, விசைகளை மீண்டும் ஒதுக்கினேன். 'எம்' விசை என்று வாசிக்க வேண்டியதை அவர் 'என்' விசை என்று வாசித்து, மறைந்தவருக்கான தொடர் தலைவர் அம்மையாரின் விசையில் போய் உட்கார்ந்தது! மன்னிக்க வேண்டும் அம்மா, மேடைக்கு வரும் முன்பே திருத்திவிட்டோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடித்து என் வீட்டுக் கதவைத் தட்டுவார். அச்சு இயந்திரமும் என் மேசையிலேயே தங்கிவிட்டதால், அச்செடுக்க வேண்டும் என்று கீழ்வீட்டுக்காரர்களும் வந்தார்கள். சுந்தரேசன் சார், தாங்களும் மின்கட்டண ரசீதோடு வந்து, பஜ்ஜி தின்றுவிட்டு ரசீதை மறந்து போனீர்களே! இந்தத் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்ததும், இன்று இந்த விழா நடப்பதும் அப்படித்தான்.

அதே இயந்திரத்தில்தான் அயர்லாந்திலிருந்து வந்த வேலை உத்தரவையும் அவர் அச்செடுத்தார். என் வீட்டில், என் கண்ணெதிரே எடுத்தார். நான் கைதட்டினேன். உரக்கத்தான் தட்டினேன். அவர் மேலே போன பிறகு கணிப்பொறியைத் திறந்து டி-யை அழுத்தினேன். தாய்மார்களே என்று வந்தது. உடனே அழித்துவிட்டேன். அந்தக் கூட்டம் இப்போது எனக்குப் போதவில்லை.

வினோலியா அவர்களே! தாங்கள் சென்று சிறக்க வேண்டும். தாங்கள் தொடும் நோயாளிகள் எழுந்து நடக்க வேண்டும். அங்கே படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் ஒரு முறை தமிழில் பேசிப் பாருங்கள். யார் கண்டது?

அந்த இயந்திரத்தை எனக்கே விட்டுப் போகிறார். ஆகவே அன்பர்களே, முடிப்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு என்னிடம் விசை இல்லை. இன்று காலை எழுத்து எழுத்தாகத் தட்டினேன், இதோ வாசிக்கிறேன். 'நான் தனியாக இருக்கிறேன். நாளை மறுநாள் முதல் மேல்வீடு பூட்டிக் கிடக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது.'

கைதட்ட வேண்டாம், இதற்குக் கைதட்ட வேண்டாம். பிள்ளைகளின் பள்ளிப் பாடம் இருக்கிறதா? எடுத்து வாருங்கள்! ரயில் பயணச்சீட்டு இருக்கிறதா? எடுத்து வாருங்கள்! கல்யாணப் பத்திரிகையா, கடவுச்சீட்டு நகலா, எடுத்து வாருங்கள்! தாள் நான் வாங்கி வைக்கிறேன், மை நான் ஊற்றி வைக்கிறேன், டீயும் நானே போடுகிறேன். பெரியோர்களே, தாய்மார்களே, இளைய செல்வங்களே, திரையில் உங்களை அழைத்தது போதும், இப்போது நேரில் அழைக்கிறேன்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. விடைபெறும் விசையை இன்று நான் அழுத்தவில்லை. இரண்டாவது மாடி, இடப்பக்கக் கதவு. அச்செடுக்க வாருங்கள். அச்செடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள்.

வணக்கம்.